தருமா எந்த ஊர்க்காரர்?

போன மாதம் ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் தன் முதல் நாவலை முடித்து அச்சுக்குக் கொடுத்திருக்கும் ஒரு பெண். ஜப்பானிய நாட்டார் கதைகளைப் படித்து அதில் ஊறிப்போய் எழுதிய நாவலாம். ஒரு தருமா பொம்மை கதை நெடுக உருண்டுகொண்டே இருக்கிறது. புத்தகம் வந்ததும் செங்கல்பட்டிலும் மாமல்லபுரத்திலும் இரண்டு கூட்டங்கள், பேசிவிட்டு வாசகர்களுக்குக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். கேள்வி இதுதான்: "சார், போதிதர்மர் நம்ம மாமல்லபுரத்துல கப்பல் ஏறித்தான் சீனாவுக்குப் போனாருன்னு மேடையில சொல்லலாமா? சொன்னா கை தட்டுவாங்க. ஆனா யாராவது எழுந்து ஆதாரம் கேட்டா என்ன பண்றது?"

கை தட்டுவார்கள், அதில் சந்தேகமே வேண்டாம். 2011இல் 'ஏழாம் அறிவு' வந்த பிறகு போதிதர்மர் காஞ்சிப் பல்லவ இளவரசர் என்பது தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். 2019 அக்டோபரில் சீன அதிபர் ஷி ஜின்பிங் மாமல்லபுரம் வந்தபோது தொலைக்காட்சிகளில் அந்தப் பெயர் மறுபடியும் ஓடியது. கடற்கரைக் கோவில் வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், யாராவது ஒரு வழிகாட்டி கடலைக் கை காட்டி, "இங்கேருந்துதான் போனார்" என்று சொல்வதைக் கேட்கலாம். நானும் கேட்டிருக்கிறேன். ஆதாரம் கேட்டால் என்ன பண்ணுவது என்பதற்குத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொம்மையிலிருந்து ஆரம்பிப்போம். தருமா என்பது போதிதர்மர் பெயரின் பின்பாதி ஜப்பானிய வாயில் புரண்டு வந்த வடிவம். காகிதக் கூழில் செய்த சிவப்பு உருண்டை, கையில்லை, காலில்லை, அடர்ந்த புருவம், தாடி. அடிப்பக்கம் கனம். தள்ளிவிட்டால் சாய்ந்து ஆடி மறுபடியும் நிமிர்ந்துவிடும், நம்ம தஞ்சாவூர் பொம்மை மாதிரியே. கால் ஏன் இல்லை என்றால், சுவரைப் பார்த்தபடி ஒன்பது வருடம் உட்கார்ந்து தியானம் செய்ததில் கால் மரத்துத் தேய்ந்துபோய்விட்டது என்பார்கள். வாங்கும்போது இரண்டு கண்ணும் வெறும் வெள்ளை. ஒரு வேண்டுதலை நினைத்துக்கொண்டு ஒரு கண்ணை எழுத வேண்டும். நிறைவேறினால் இன்னொரு கண். அதுவரை அவர் ஒற்றைக் கண்ணோடு காத்திருப்பார். தேர்தலில் ஜெயித்த வேட்பாளர் கேமரா முன்னால் பெரிய தருமாவுக்கு இரண்டாம் கண் எழுதுவது அங்கே வழக்கமான காட்சி. இந்தப் பொம்மைக்குப் பேர்போன ஊர் டோக்கியோவுக்கு வடமேற்கே உள்ள தகாசாகி. 1783இல் அசாமா எரிமலை வெடித்துச் சாம்பல் மூடிப் பஞ்சம் வந்தபோது, பிழைக்க வழியில்லாத விவசாயிகளுக்கு அந்த ஊர்த் தருமா கோவிலின் குரு ஒரு மர அச்சு செய்து கொடுத்துப் பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தார் என்பது கோவில் சொல்லும் வரலாறு. இன்றைக்கும் புத்தாண்டையொட்டி அங்கே தருமா சந்தை. போன வருடப் பொம்மைகளைக் கோவிலில் கொடுத்து எரித்துவிட்டுப் புதுசு வாங்கிப் போகிறார்கள்.

நிறம் ஏன் சிவப்பு? துறவியின் ஆடை சிவப்பு என்பது ஒரு விளக்கம். எனக்குப் பிடித்தது இன்னொன்று. எதோ காலத்து ஜப்பானில் பெரியம்மை என்பது ஒரு தெய்வத்தின் வருகை. அந்தத் தெய்வத்துக்கும் சிவப்புக்கும் ஒரு கணக்கு உண்டு. அம்மை கண்ட பிள்ளைக்குச் சிவப்புத் துணி, பக்கத்தில் சிவப்புப் பொம்மை, சிவப்பு மையில் மட்டுமே அச்சடித்த படங்கள். அந்தப் படங்களில் அடிக்கடி வருகிறவர் தருமா. விழுந்த பிள்ளை பொம்மை மாதிரி எழுந்துவிட வேண்டும் என்பது வேண்டுதல். மாரியம்மன் 'வந்திருக்கிறாள்' என்று சொல்லி வாசலில் வேப்பிலை செருகிய ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஏழாம் அறிவிலும் போதிதர்மர் சீனக் கிராமத்தில் முதலில் செய்வது கொள்ளைநோயை விரட்டுவதுதான். இதெல்லாம் ஒன்றிலிருந்து ஒன்று வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. நோய்க்குப் பயந்த இடமெல்லாம் இப்படி ஒருவர் வந்து நின்றிருக்கிறார், அவ்வளவுதான்.

பிள்ளைகள் விளையாட்டிலும் தருமா இருக்கிறார். ஒருவன் மரத்தைப் பார்த்துத் திரும்பி நின்று "தருமா சான் விழுந்துட்டார்" என்று சொல்லி முடித்துச் சட்டென்று திரும்புவான். அப்போது அசைந்தவன் அவுட். 'ஸ்க்விட் கேம்' தொடரின் முதல் ஆட்டம் இதன் கொரிய வடிவம். பனிமனிதனுக்கு ஜப்பானிய மொழியில் பனித் தருமா என்றே பெயர். ஒரு தத்துவ மரபை ஆரம்பித்து வைத்தவர் என்று சொல்லப்படுபவருக்கு எங்கே போய் வேலை கிடைத்திருக்கிறது பாருங்கள்.

இத்தோடு விடவில்லை, ஜப்பானியர்கள் அவருக்கு ஜப்பானிலேயே ஒரு சமாதியும் வைத்திருக்கிறார்கள். 720இல் தொகுத்த 'நிஹோன் ஷோகி' என்ற பழைய வரலாற்று நூலில் 613ஆம் ஆண்டுக்குக் கீழே ஒரு சம்பவம் வருகிறது. ஷோதொகு இளவரசர் கதாவோகா என்ற இடத்தில் பசியால் வழியோரம் கிடந்த ஒருவனைப் பார்க்கிறார். சாப்பாடு கொடுத்துத் தன் மேலங்கியைப் போர்த்திவிட்டுப் போகிறார். அவன் இறந்துபோக, புதைக்கச் சொல்கிறார். சில நாள் கழித்துக் குழியைத் திறந்தால் உடலைக் காணோம், அங்கி மட்டும் மடித்து வைத்திருக்கிறது. மூல நூலில் இவ்வளவுதான். அந்த ஏழை யார் என்று அதில் இல்லை. பிற்காலத்தில் யாரோ சொன்னார்கள், அவர்தான் தருமா என்று. சொன்னதும் ஒட்டிக்கொண்டது. நாரா மாநிலத்தில் ஓஜி என்ற ஊரில் அந்தச் சமாதி மேட்டின் மேலேயே தருமா கோவில் நிற்கிறது. சீனத்தில் அவரைப் புதைத்ததாகச் சொல்லும் காலத்துக்கு ஏறக்குறைய எண்பது வருடம் கழித்து ஜப்பானில் பசியோடு கிடந்திருக்கிறார்! சீனக் கதையிலும் அவருடைய சமாதி காலிதான், அங்கே மிஞ்சியது ஒற்றைச் செருப்பு. காலிச் சமாதிக்குக் கால் முளைத்து அடுத்த நாட்டுக்கு நடந்துவிட்டது.

இங்கேதான் எனக்கு முதல் சந்தேகம் வந்தது. ஜப்பானியர்கள் தங்கள் ஊருக்கு அவரை இழுத்துக்கொண்ட மாதிரி, காஞ்சிக்கு அவரை இழுத்தது யார்? எப்போது?

எங்கெல்பெர்ட் கெம்ப்பர் என்ற ஜெர்மானிய மருத்துவர் டச்சுக் கம்பெனிக்காக 1690 முதல் 1692 வரை நாகசாகியில் இருந்தார். 1712இல் வெளியான அவருடைய லத்தீன் நூலில் தேயிலையைப் பற்றி ஒரு பெரிய பகுதி. அதில் ஒரு கதை: தருமா தூக்கத்தை வெல்ல முடியாமல் தன் இமைகளை அறுத்து எறிந்தார், அவை விழுந்த இடத்தில் தேயிலைச் செடி முளைத்தது. கதையைத் தொடங்கும்போது கெம்ப்பர் தருமாவை இந்திய அரசன் கொஸ்யுவோவின் மூன்றாம் மகன் என்று அறிமுகப்படுத்துகிறார். கொஸ்யுவோவா, இது என்ன பெயர் என்று யோசித்தால், ஜப்பானியர் சொல்லும் 'கோஷி ஓ'. ஓ என்றால் அரசன். கோஷி என்பது நாட்டின் பெயர். சீன எழுத்தில் அதே பெயரைச் சீனர்கள் ஷியாங்ஜி என்று படிப்பார்கள். ஆக, காஞ்சி என்று இன்று நாம் அடையாளம் காட்டும் பெயர் 17ஆம் நூற்றாண்டு ஜப்பானில் சாதாரணமாகப் புழங்கியிருக்கிறது. ஒரு வெளிநாட்டு மருத்துவர் காதில் விழும் அளவுக்கு.

ஜப்பானுக்கு அது சீனத்திலிருந்து வந்தது. சீன நூல்களைக் காலவரிசையில் வைத்துப் பார்த்தால்தான் விஷயம் சுவாரசியமாகிறது.

ஆகப் பழையது யாங் சுவான்ஷி 547இல் லோயாங் நகரத்து விகாரைகளைப் பற்றி எழுதிய நூல். அவர் விகாரைகளின் அழிவைப் பார்த்து ஏங்கி எழுதியவர். அதில் யோங்நிங் விகாரையின் பெரிய கோபுரத்தை அண்ணாந்து பார்த்து, நான் எத்தனையோ நாடு சுற்றினேன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை என்று கைகூப்பி நாள்கணக்கில் நமோ நமோ என்று சொல்லிக்கொண்டிருந்த போதிதர்மர் என்ற ஒரு துறவி வருகிறார். வயது 150 என்று சொல்லிக்கொள்கிறார். அந்தக் கோபுரம் 516இல் எழும்பி 534இல் எரிந்துபோனது. அதனால் இவர் அங்கே நின்ற காலம் அந்தப் பதினெட்டு வருடத்துக்குள். ஊர்? பாரசீகம் என்கிறது நூல். ஆமாம், பாரசீகம்.

அடுத்தது தான்லின் என்பவர் எழுதிய முன்னுரை, அதே 6ஆம் நூற்றாண்டு. இதில்தான் தென்னிந்தியா வருகிறது. ஒரு பெரிய அரசனின் மூன்றாம் மகன் என்பதும் இதில்தான். ஆனால் அரசன் பெயரும் இல்லை, நகரத்தின் பெயரும் இல்லை. அதற்கு அடுத்து தாவோசுவான், 645இல் துறவிகள் வரலாறு எழுதியவர். அவர் கணக்கில் போதிதர்மர் தென்னிந்தியப் பிராமணர். லியூ சோங் வம்சத்தின் காலத்தில், அதாவது 479க்கு முன்பே, சீனத்தின் தென்கோடிக்கு முதலில் வந்து அப்புறம் வடக்கே போனார். தென்கோடிக்கு வந்தார் என்றால் கடல் வழிதான். கப்பலுக்கு இது நல்ல ஆதாரம். எந்தத் துறை என்பதற்கு இல்லை.

ஷியாங்ஜி அரசனின் மூன்றாம் மகன், மூன்று வருடக் கடல் பயணம், குவாங்சௌவில் இறக்கம், லியாங் பேரரசன் வூவோடு விவாதம் என்று நமக்குத் தெரிந்த முழுக்கதை 1004இல் தொகுத்த 'விளக்குப் பரிமாற்ற'க் குறிப்புகளில் அழகாகக் கோத்துக் கிடக்கிறது. மனிதர் வாழ்ந்து ஏறக்குறைய ஐந்நூறு வருடம் கழித்து. நேற்றுச் செத்த தாத்தாவைப் பற்றியே வீட்டில் மூன்று கதை ஓடுகிறது, ஐந்நூறு வருடம் என்றால் யோசித்துக்கொள்ளுங்கள். நடுவில் சீனத்தில் சான் மரபு பெரிய நிறுவனமாக வளர்ந்துவிட்டது. புத்தரிலிருந்து தங்கள் குரு வரை அறுபடாத வரிசை வேண்டும், வரிசையில் இருப்பவர்களுக்கு ஊர் வேண்டும், அப்பா வேண்டும். கேட்டவர்களுக்குக் கிடைத்தது.

ஷியாங்ஜிதான் காஞ்சி என்று நம்மூர் எழுத்தாளர்கள் பலர் கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறார்கள். ஒலி ஓரளவு ஒத்துப்போவது உண்மை. ஆனால் எனக்கு ஒரு இடிப்பு உண்டு. யுவான் சுவாங் தென்னாட்டுக்கு வந்தது 640ஐ ஒட்டி, மாமல்லன் நரசிம்மவர்மன் ஆட்சியில். அவர் காஞ்சிபுரத்தை எழுதும்போது வேறு சீன எழுத்துகளைப் போடுகிறார், படித்தால் ஜியான்ஜிபுலோ. நூறுக்கு மேல் விகாரைகள், பத்தாயிரம் துறவிகள் என்கிறார். ஊர் பெருமைக்கு ஒரு ஆளையும் சொல்கிறார். அந்த ஆள் போதிதர்மர் இல்லை, தர்மபாலர். நாலந்தாவில் பெரிய ஆசிரியராக இருந்தவர். காஞ்சி அமைச்சரின் மகன், அரச குமாரியோடு கல்யாணம் நிச்சயமான அன்று ராத்திரி புத்தர் சிலை முன் அழுது வேண்டி ஊரைவிட்டே மறைந்துபோனவர். அரண்மனையைத் துறந்துபோன காஞ்சிப் பிள்ளை என்றால் 7ஆம் நூற்றாண்டுச் சீனருக்கு நினைவு வந்தவர் இவர்தான். போதிதர்மருக்கும் காஞ்சிக்கும் உறவு உண்டு என்று அன்றைக்கே பேச்சு இருந்திருந்தால் யுவான் சுவாங் ஒரு வரியாவது எழுதியிருப்பார் என்பது என் எண்ணம். எழுதவில்லை என்பதால் பொய் என்று ஆகிவிடாது. ஆனால் எடை குறைகிறது.

தமிழ்ப் பக்கம் என்ன இருக்கிறது? பல்லவர் செப்பேடுகளிலும் கல்வெட்டுகளிலும் அவர் இல்லை. பழைய தமிழ் இலக்கியத்திலும் இல்லை. காஞ்சியில் பௌத்தம் இருந்ததற்குக் குறைவே இல்லை. மணிமேகலை கடைசியில் போய்ச் சேர்வது காஞ்சிக்குத்தான். மகேந்திரவர்மன் தன் மத்தவிலாச நாடகத்தில் கிண்டல் செய்யும் நாகசேனன் காஞ்சி விகாரைத் துறவி. காமாட்சி கோவிலில் கோபிநாத ராவ் 1915இல் கண்டு எழுதிய நிற்கும் புத்தர் இன்று எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறார். இவ்வளவும் இருந்தும் அந்த ஒரு பெயர் மட்டும் இல்லை. "சிம்மவர்மனின் மூன்றாம் மகன்" என்று இணையத்தில் படித்திருப்பீர்கள். அது வந்த வழி எனக்குத் தெரிந்தவரை இதுதான்: 'லோகவிபாகம்' என்ற சமண நூல் சக வருடம் 380, அதாவது பொது ஆண்டு 458, காஞ்சி அரசன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டு என்கிறது. பல்லவர் காலவரிசைக்கு அது ஒரு தங்கமான ஆணி. சீனக் கணக்கில் அதே காலத்தில் பெயரில்லாத ஒரு தென்னிந்திய அரசனும் மூன்றாம் மகனும். இரண்டையும் எடுத்து நம் காலத்தவர்கள் ஒட்டிவிட்டார்கள். பசை எங்கே என்று தேடினால் காணோம்.

சரி, மாமல்லபுரத்துக்கு வருவோம். போதிதர்மர் 479க்கு முன்னால் கிளம்பியிருந்தாலும் சரி, 520ஐ ஒட்டிக் கிளம்பியிருந்தாலும் சரி, இன்று நாம் பார்க்கும் எதுவும் அப்போது அங்கே இல்லை. ரதங்கள் இல்லை, அர்ச்சுனன் தபசு இல்லை. மாமல்லன் என்ற பட்டம் கொண்ட அரசனே பிறக்கவில்லை, ஊருக்கு அந்தப் பெயர் எப்படி இருக்கும்? கடற்கரைக் கோவில் எழுந்தது 700க்குப் பிறகு, இரண்டாம் நரசிம்மவர்மனான ராஜசிம்மன் காலத்தில். கோபுர நிழலில் நின்று கடலைக் காட்டும் அந்தக் காட்சிக்குக் குறைந்தது 180 வருட இடைவெளி.

ஆனால் இந்தக் கரையில் துறைமுகமே இல்லை என்று அர்த்தமில்லை. தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் நீர்ப்பெயற்று என்ற துறை வருகிறது, கலங்கரை விளக்கத்தோடு. அது மாமல்லபுரம்தான் என்று சிலர், இல்லை என்று சிலர். பாலாற்று முகத்தில் கல்பாக்கத்துக்குத் தெற்கே வசவசமுத்திரத்தில் 1970களில் நடந்த அகழாய்வில் ரோமானிய ஆம்போரா ஜாடிச் சில்லுகள் கிடைத்தன. காஞ்சியின் சரக்கு பாலாற்றுப் பக்கமாகக் கடலுக்கு வந்திருக்க நிறைய வாய்ப்பு. காஞ்சியிலிருந்து ஒருவர் கப்பல் ஏறினார் என்றால் இந்தச் செங்கல்பட்டுக் கரையில் எங்கோ ஏறியிருப்பார் என்பது வரை போகலாம். அதற்கு மேல் ஒரு அடி வைத்தால் அது நாவல்.

நாவல் என்றால் தப்பா? அதுதான் இல்லை. இந்த இடத்தில் அந்த எழுத்தாளருக்கு நான் சொன்னது சான்யூதெய் என்ச்சோவின் கதை. 1839இல் பிறந்து 1900இல் இறந்த மேடைக் கதைசொல்லி. ஒரு விசிறியும் ஒரு துண்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்த இடத்திலேயே பத்துப் பேர் குரலில் பேசுவார். நம்மூர்க் காலட்சேபக்காரரையும் வில்லுப்பாட்டுக்காரரையும் சேர்த்துக் கற்பனை செய்துகொள்ளுங்கள், பாட்டை மட்டும் எடுத்துவிட்டு. அவருடைய புகழ்பெற்ற பேய்க்கதை 'பொதான் தோரோ', பியோனிப் பூ விளக்கு. செத்துப்போன காதலி இரவில் விளக்கோடு காதலனைத் தேடி வருகிறாள். பேய்களுக்குக் கால் கிடையாது, ஆனால் இவள் வரும்போது மரச்செருப்புச் சத்தம் மட்டும் கேட்கும். அவர் பேசப் பேச இரண்டு சுருக்கெழுத்தாளர்கள் எழுதி எடுத்தார்கள், 1884இல் புத்தகமாக வந்தது, விற்றுத் தீர்ந்தது. ஜப்பானில் பேச்சு நடை அப்படியே அச்சில் ஏறியது பலருக்கு அதுதான் முதல் அனுபவம். ஃபுதாபாதெய் ஷிமெய் என்ற இளைஞர் தன் முதல் நாவலை எப்படி எழுதுவது என்று தெரியாமல் ஆசான் சுபோஉச்சி ஷோயோவிடம் போய்க் கேட்க, என்ச்சோ பேசுகிற மாதிரி எழுதிப் பாரேன் என்றாராம் அவர். 1887இல் வரத் தொடங்கிய அந்த 'உகிகுமோ'வைத்தான் ஜப்பானின் முதல் நவீன நாவல் என்கிறார்கள். மேடைப் பேச்சிலிருந்து புத்தகம், புத்தகத்திலிருந்து நாவல். நம்ம ஆள் புத்தகத்தோடு மேடைக்குப் போகிறார், இது தலைகீழ் வழி.

நான் சொல்ல வந்தது அது இல்லை. பொதான் தோரோவின் மூலம் ஜப்பானே கிடையாது. 14ஆம் நூற்றாண்டில் சூ யோ என்ற சீனர் எழுதிய கதை. 1666இல் அசாய் ர்யோய் அதை ஜப்பானியப் பெயர்களும் ஊர்களும் போட்டு மாற்றினார். என்ச்சோ அதை எதோ நகரத்துக்குக் கொண்டுவந்து, கேட்பவர்கள் தினம் நடந்துபோகும் நெசு பக்கத்துத் தெருவிலேயே காதலனைக் குடிவைத்தார். எதிரில் உட்கார்ந்திருப்பவர் வீட்டுக்குப் போகிற வழியில் பேய் வந்தால்தானே பயம்! கதை சொல்பவர் கேட்பவரின் விலாசத்தைக் கதையில் எழுதிவிடுகிறார். சீன சான் துறவிகள் செய்ததும் இதுதான், ஷோதொகுவின் பிச்சைக்காரனுக்கு நடந்ததும் இதுதான், மாமல்லபுரத்து வழிகாட்டி கடலைக் காட்டுவதும் இதேதான். என்ச்சோவிடம் ஒரு வித்தியாசம்: அவர் 'பேய்க்கதை' என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தார். அந்தக் காதலன் வீட்டுக்குத் தொல்லியல் துறைப் பலகை வைக்கச் சொல்லி யாரும் மனு கொடுக்கவில்லை.

கல்கியையும் நினைத்துப் பாருங்கள். மாமல்லபுரத்துக்குப் போகும் தமிழர்களில் பாதிப் பேர் தலையில் சிவகாமியும் நாகநந்தியும் இருப்பார்கள். 1940களில் வாரா வாரம் எழுதிய தொடர்கதை. அவர் அதை நாவல் என்று சொல்லித்தான் எழுதினார். படித்தவர்கள்தான் சிவகாமி ஆடிய மண்டபம் எது என்று கேட்கிறார்கள்.

ஆக, மேடையில் என்ன சொல்வது? "போதிதர்மர் தென்னிந்தியர் என்று 6ஆம் நூற்றாண்டிலிருந்தே சீனர்கள் சொல்கிறார்கள், பாரசீகர் என்றும் ஒருவர் சொல்கிறார். காஞ்சி என்பது ரொம்பப் பிந்திச் சேர்ந்தது. என் நாவலில் அவர் இந்தக் கரையில் கப்பல் ஏறுகிறார், ஏனென்றால் நான் ஏற்றிவிட்டேன்." கடைசி வரிக்குக் கைதட்டல் கட்டாயம் விழும். இப்படி எழுதி அனுப்பினேன். அவர் பதில் எழுதினார்: "அப்ப நம்ம கரைக்கும் ஜப்பானுக்கும் நிஜமா ஒண்ணுமே இல்லையா சார்?"

இருக்கிறது. அதுதான் எனக்கு வருத்தம். நிஜமானவரை யாரும் தேடுவதில்லை.

அவர் பெயர் வஜ்ரபோதி. 671இல் பிறந்து 741இல் சீனத்தில் இறந்தவர். பிறந்த இடம் பற்றி இவருக்கும் இரண்டு கணக்கு உண்டு, ஒன்று தென்னாடு, ஒன்று நடு இந்தியா. ஆனால் காஞ்சியில் இருந்தார் என்பது அவருடைய சீன வரலாற்றிலேயே இருக்கிறது, அரசன் பெயரோடு: நரசிம்மபோதவர்மன். நாடு மழையில்லாமல் தவித்தபோது அரசன் கேட்டுக்கொள்ள இவர் மழை வேண்டினாராம். பிறகு இலங்கை, அங்கிருந்து பாரசீக வணிகக் கப்பல்களோடு ஸ்ரீவிஜயம், 720ஐ ஒட்டிக் குவாங்சௌ. காஞ்சி அரசன் தன் படைத்தலைவன் ஒருவன் கையில் பிரஞ்ஞாபாரமிதை ஏட்டையும் சீனப் பேரரசனுக்குப் பரிசாகக் கொடுத்து அனுப்பியதாக அந்த வரலாறு சொல்கிறது. அதே 720இல் தென்னிந்திய அரசன் ஒருவனின் தூதுக்குழு சீன அவைக்கு வந்து பட்டம் பெற்றுப் போனதைச் சீன அரசு நூல்களும் எழுதியிருக்கின்றன. இந்த நரசிம்மவர்மன் யார் தெரிகிறதா? கடற்கரைக் கோவிலைக் கட்டிய ராஜசிம்மன். கோபுரமும் கடலும் கப்பலும் துறவியும் உண்மையிலேயே ஒரே காலத்தில் வந்து நிற்கும் இடம் இது. மல்லையில்தான் ஏறினார் என்று இவருக்கும் நான் சொல்லமாட்டேன்.

வஜ்ரபோதியின் சீடர் அமோகவஜ்ரர். அவர் சீடர் ஹுய்குவோ. ஹுய்குவோவிடம் 805இல் பாடம் கேட்ட ஜப்பானியர் கூகாய், ஷிங்கோன் மரபை ஜப்பானில் தொடங்கியவர். 806இல் ஊர் திரும்பும்போது சீன ஓவியரிடம் வரைந்து வாங்கிய தன் மரபுக் குருமார்களின் ஐந்து உருவப் படங்களைக் கொண்டுபோனார். அவை கியோட்டோவின் தோஜி கோவிலில் இன்றும் உள்ளன. அதில் ஒன்று வஜ்ரபோதி. காஞ்சி அரசனோடு பேசிய ஒருவரின் முகம், நம் கையில் இருக்கும் ஒன்று, ஆயிரத்து இருநூறு வருடமாக ஜப்பானில் இருக்கிறது. பொம்மை ஆகவில்லை, சினிமா ஆகவில்லை.

இன்னொருவர் போதிசேனர், தென்னிந்தியப் பிராமணர் என்று ஜப்பானியப் பதிவுகள் சொல்லும் துறவி. சீனத்தில் இருந்தவரை ஜப்பானியர்கள் அழைத்துப் போக, 736இல் அங்கே இறங்கினார். கூடவே சம்பா நாட்டுத் துறவி ஒருவர், இப்போதைய வியட்நாம் பக்கம். 752இல் நாராவின் தோதாய் கோவிலில் பெரிய வெண்கலப் புத்தருக்குக் கண் திறக்கும் விழா. சிலைக்குக் கண் எழுதும்வரை அது வெறும் உலோகம். மாமல்லபுரத்து உளிச் சத்தத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்தபதி கடைசியாகச் செய்வது கண் திறப்புத்தான், அதுவரை எத்தனை அழகாக இருந்தாலும் கல் கல்தான். நாராவில் அந்தக் கண்ணை எழுதத் தூரிகை பிடித்தவர் போதிசேனர். தூரிகையில் நீளமான நீலப் பட்டுக் கயிறு கட்டி, அதன் மறுமுனையைத் துறந்த பேரரசர் ஷோமு முதல் கூடியிருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள், எல்லோரும் சேர்ந்து கண் எழுதியதாக ஆகட்டும் என்று. அந்தத் தூரிகையும் கயிறும் நாராவின் ஷோசோயின் கருவூலத்தில் இன்னும் இருக்கின்றன.